டீ குடித்த மடிக்கணினி

மழை பிடித்துக்கொண்டது. கம்பளியைப் போர்த்தியபடி ஒரு கையில் டீ டம்ளர், மறு கை விசைப்பலகையில் என்று நீலகிரி மலை முழுவதும் வேலை நடக்கிறது போலும். இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விபத்து. மிக்சி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த முறை வரை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: மடிக்கணினியின் மேல் ஒரு டம்ளர் டீ முழுவதும் கொட்டிவிட்டது. துடைத்து, இரவெல்லாம் அரிசிக்குள் புதைத்து வைத்தேன். காலையில் ஆன் செய்ததும் திரை வந்தது, உடனே அணைந்தது. நான்கு முறை முயன்றேன். இப்போது உள்ளிருந்து 'டிக், டிக்' என்று சத்தம். மகளின் 11 வருடப் புகைப்படங்கள் அதில்தான் இருக்கின்றன. 2016-இல் வாங்கியது.
— ஆசிரியை, குன்னூர்

பதில்: ஐந்தாவது முறை ஆன் செய்யாதீர்கள், அம்மா. மற்றதெல்லாம் பிறகு.

முதலில் ஓர் ஆறுதல். ஹார்ட் டிஸ்க் மூடிய பெட்டி. காற்றழுத்தம் சமனாவதற்காக அதில் ஒரு சிறு துளை உண்டு. அதன் உட்புறம் வடிகட்டி இருக்கும். கொட்டிய டீ அந்த வழியே உள்ளே இறங்குவது அரிது. பெரும்பாலும் நனைவது அடியில் ஒட்டியிருக்கும் சர்க்யூட் பலகைதான். ஆனால் நாம் குடிப்பது வெறும் தண்ணீர் இல்லையே. தண்ணீர் காய்ந்துவிடும், பாலும் சர்க்கரையும் பிசினாக ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் மின்சாரம் பாய்ந்தால் இணைப்புகள் அரிக்கத் தொடங்கும். அரிசி அந்தப் பிசினை எடுக்காது. தன் தவிட்டுத் தூசியை வேண்டுமானால் உள்ளே விட்டுவிட்டு வரும்.

கொட்டிய அந்த நிமிடத்தில் செய்ய வேண்டியது வேறு: சார்ஜரைப் பிடுங்கி, பவர் பொத்தானை அணையும் வரை அழுத்திப் பிடித்து, விரித்த வாக்கில் குப்புறக் கவிழ்த்துவிட்டு, நேராகத் தொழில்நுட்பம் தெரிந்தவரிடம் போக வேண்டும். பேட்டரி கழற்றக்கூடியது என்றால் அதையும் கழற்ற வேண்டும். ஹேர் டிரையர் கூடாது.

இனி அந்தச் சத்தம். டிஸ்கைப் படிக்கும் முனை தன் இடம் தெரியாமல் மீண்டும் மீண்டும் ஓடித் திரும்பினால் இப்படித்தான் கேட்கும். முனைக்கும் சுழலும் தட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி சில நானோமீட்டர்தான். தலைமுடி ஒன்றின் தடிமனோ எழுபது, எண்பதாயிரம் நானோமீட்டர். முனை தட்டில் உரசினால் மேலே இருக்கும் காந்தப் பூச்சு சுரண்டிக்கொண்டு வரும். உங்கள் மகளின் புகைப்படங்கள் இருப்பது அந்தப் பூச்சில்தான்.

டிஸ்கைக் கழற்றித் தரச் சொல்லுங்கள். பஞ்சு சுற்றிப் பெட்டியில் வைத்து, தூசியற்ற அறை வைத்திருக்கும் தரவு மீட்பு நிறுவனத்துக்கு அனுப்புங்கள். அதற்கு மலையை விட்டுக் கீழே இறங்கத்தான் வேண்டியிருக்கும். பக்கத்துக் கடைத் தம்பி "திறந்து பார்க்கிறேன்" என்றால் கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள். "அதே மாடல் பலகை ஒன்று மாட்டினால் போதும்" என்றாலும் நம்ப வேண்டாம். அந்தக் காலம் போய்விட்டது. ஒவ்வொரு டிஸ்குக்கும் உரிய அளவுகள் அதனதன் பலகையில் ஒரு குட்டிச் சிப்பில் இருக்கின்றன. அதையும் பெயர்த்து மாற்றத் தெரிந்தவர்தான் தொட வேண்டும்.

நம்பிக்கையை விடாதீர்கள். 2003-இல் கொலம்பியா விண்வெளி ஓடம் வானில் சிதறியபோது, கருகிக் கிடந்த ஒரு ஹார்ட் டிஸ்கிலிருந்து 99 சதவீதத் தரவை மீட்டார்கள். ஆனால் அதை யாரும் அரிசியில் புதைத்து, நான்கு முறை ஆன் செய்து பார்க்கவில்லை.

கேள்வி: அரிசிக்குப் பதிலாக சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போடலாமா?
— உதகை

பதில்: ஈரத்தை நன்றாக உறிஞ்சும். சர்க்கரையை உறிஞ்சாது.

கேள்வி: பசுந்தேயிலை வாங்கி ஆலைக்குக் கொடுக்கும் தொழில். கணக்கு முழுவதும் இருந்த மடிக்கணினியில் மழைநீர் புகுந்துவிட்டது. தரவை மீட்க 32,000 ரூபாய் கேட்கிறார்கள். மடிக்கணினியே 28,000 ரூபாய்தான். அநியாயம் இல்லையா?
— கோத்தகிரி

பதில்: மடிக்கணினியின் விலையோடு ஏன் ஒப்பிடுகிறீர்கள்? பெட்டியைப் பழுது பார்க்க அவர்கள் கேட்கவில்லை, கணக்கை எடுத்துத் தரக் கேட்கிறார்கள். அந்தக் கணக்கு உங்களுக்கு எவ்வளவு பெறும் என்பதுதான் கேள்வி.

ஒரு தாளில் எழுதுங்கள். ஆலை கொடுத்த எடைச்சீட்டு ஆலையில் இருக்கும். பணப் பரிமாற்றம் வங்கியில் இருக்கும். தாக்கல் செய்திருந்தால் ஜிஎஸ்டி கணக்கு அந்தத் தளத்தில் இருக்கும். மின்னஞ்சலில் அனுப்பியவை மின்னஞ்சலிலேயே இருக்கும். இத்தனையும் கழித்து மிஞ்சுவது எது? விவசாயிகளுக்குக் கொடுத்த முன்பணக் கணக்காக இருந்தால் 32,000 அதிகமில்லை. மிஞ்சுவது சினிமாப் படங்கள் என்றால் டிஸ்கைக் குப்பையில் போடுங்கள்.

கொடுப்பதற்கு முன் மூன்றை எழுத்தில் வாங்குங்கள்: மீளாவிட்டால் எவ்வளவு கட்டணம், மீண்ட கோப்புகளின் பட்டியலைப் பணம் கட்டுவதற்கு முன் காட்டுவார்களா, பழைய டிஸ்க் திரும்பி வருமா.

கேள்வி: 2,999 ரூபாய் கொடுத்துக் கூடுதல் வாரண்டி எடுத்தேன். காபி கொட்டியதற்குச் செல்லாது என்கிறார்கள். ஏமாற்றுத்தானே?
— கல்லூரி மாணவர், உதகை

பதில்: இல்லை தம்பி, நீங்கள் படிக்கவில்லை. கூடுதல் வாரண்டி என்பது உற்பத்திக் குறைக்கான காலத்தை நீட்டுவது. காபி உற்பத்திக் குறை அல்ல. கொட்டுவதற்கும் விழுவதற்கும் தற்செயல் சேதக் காப்பு என்று தனியாக விற்கிறார்கள். அதிலும் மாற்றித் தருவது பாகத்தைத்தான். உள்ளே இருந்த கோப்புகளுக்கு ஒருவரும் பொறுப்பேற்பதில்லை. ஆனால் விற்றவர் "எது நடந்தாலும் செல்லும்" என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் என்னிடம் காட்டுங்கள். அது வேறு கதை.

கேள்வி: சர்வீஸ் சென்டரில் காபி கொட்டியதைச் சொல்லவில்லை. ஈரம் பட்டால் நிறம் மாறும் ஸ்டிக்கர் சிவந்திருக்கிறது என்று படம் அனுப்பிவிட்டார்கள். நீலகிரிப் பனியால் சிவந்தது என்று வாதாடினால் ஜெயிக்க முடியுமா?
— குன்னூர்

பதில்: அதே படத்தில் காபிக் கறையும் விழுந்திருக்குமே, பார்த்தீர்களா? உண்மையிலேயே பனியால் கெட்டவர் ஒருவர் நாளை அங்கே போய் நிற்பார். உங்களால் அவரையும் நம்பமாட்டார்கள். அடுத்த கடிதம்.

கேள்வி: பேரன் தண்ணீரைக் கொட்டிவிட்டான். கடையில் கொடுத்தேன். "டிஸ்க் போய்விட்டது" என்று புதிது போட்டு 6,800 ரூபாய் வாங்கினார்கள். பழைய டிஸ்கைக் கேட்டால் தூக்கிப் போட்டுவிட்டோம் என்கிறார்கள். ரசீது எதுவும் தரவில்லை. என் கணவரின் கடைசி மாதங்களில் எடுத்த வீடியோக்கள் அதில் இருந்தன. நானாக எதையும் கேட்காதது தவறா?
— ஓய்வுபெற்ற செவிலியர், கூடலூர்

பதில்: உங்கள் தவறு இல்லை, அம்மா. கழற்றிய பாகம் உங்கள் பொருள். உங்களைக் கேட்காமல் அதை எறிய அவர்களுக்கு உரிமை இல்லை. அது உண்மையிலேயே கெட்டதா என்று இனி யாரும் சோதிக்கவும் முடியாது. சிலருக்கு அது வசதி.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பழைய வயிற்றெரிச்சல் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் விசிறி சத்தம் போடுகிறது என்று என் மடிக்கணினியை ஒரு கடையில் கொடுத்தேன். விசிறி சரியாகி வந்தது. 8 ஜிபி நினைவகம் (ரேம்) 4 ஜிபி ஆகி வந்தது. "நீங்கள் கொடுத்தபோதே இப்படித்தான்" என்றார்கள். என் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. சலவைக்கு ஒரு வேட்டியைப் போட்டால் குறி போட்டுச் சீட்டுத் தருகிறார்கள். பஸ்ஸில் பத்து ரூபாய்க்கு டிக்கெட் கிழித்துத் தருகிறார்கள். வாழ்நாள் புகைப்படமெல்லாம் உள்ள பெட்டியை வாங்கி வைக்கும் கடை மட்டும் "நம்ம கடைதானே, நாளைக்கு வாங்க" என்கிறது. நாமும் தலையாட்டிவிட்டு வருகிறோம். சீட்டுக் கேட்டால் அவர் மனம் புண்படுமாம்! புண்படட்டும். அந்தச் சீட்டில் மடிக்கணினியின் மாடலும் வரிசை எண்ணும், டிஸ்கின் கொள்ளளவும் வரிசை எண்ணும், நினைவகம் எத்தனை ஜிபி, என்ன கோளாறு, உத்தேசச் செலவு எவ்வளவு என்று இருக்க வேண்டும். 'கேட்காமல் டிஸ்கை அழிக்கவோ மாற்றவோ கூடாது' என்ற ஒரு வரியும் வேண்டும். எழுதித் தராத கடையில் பெட்டியை வைக்காதீர்கள். மழையில் நனைந்துகொண்டே அடுத்த கடைக்குப் போங்கள்.

உங்கள் வழக்குக்கு வருகிறேன். பில் தராமல் இருப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. 6,800 ரூபாயைக் கைபேசி வழியாகக் கட்டியிருந்தால் அந்தப் பதிவு சான்று. கடைக்காரரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகளும் சான்று. எதையும் அழிக்காதீர்கள். பழைய டிஸ்கையும் பில்லையும் கேட்டு ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். "தூக்கிப் போட்ட" டிஸ்குகள் கடிதம் கண்டதும் மேசைக்கு அடியிலிருந்து எழுந்து வந்ததுண்டு. வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் உதகையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை, இணையம் வழியாகவும் மனுப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கடிதத்தின் நகலை எனக்கும் அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.

கேள்வி: புதிது என்று விற்ற மடிக்கணினியில், ஹார்ட் டிஸ்க் 21,000 மணி நேரம் ஓடியதாக ஓர் இலவச மென்பொருள் காட்டுகிறது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார் கடைக்காரர்.
— வெலிங்டன்

பதில்: சபாஷ். வாங்கிய அன்றே பார்க்கத் தெரிந்த ஒருவராவது இருக்கிறீர்கள். இரவு பகல் ஓயாமல் ஓடினாலும் 21,000 மணி நேரம் என்பது 875 நாள். டிஸ்க் தானே எழுதி வைத்துக்கொள்ளும் கணக்கு அது. திரையைப் படம் எடுத்து, டிஸ்கின் வரிசை எண்ணோடு வைத்துக்கொள்ளுங்கள். அந்த அச்சு வரியைக் கண்டு பயப்பட வேண்டாம். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அதே சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறைதான். எழுத்தில் கேளுங்கள், இந்த வாரமே.

கேள்வி: பிரதி எடுத்து வைப்பதற்காக 2 டெராபைட் பென் டிரைவை இணையத்தில் 799 ரூபாய்க்கு வாங்கினேன். கோப்புகள் ஏறுகின்றன, திறந்தால் பாதி திறக்கவில்லை.
— அரவங்காடு

பதில்: கை கொடுங்கள். நான் 899-க்கு வாங்கினேன். உள்ளே இருப்பது சில ஜிபிதான். 2 டெராபைட் என்று கணினியிடம் பொய் சொல்லப் பழக்கியிருப்பார்கள். நிரம்பிய பிறகு பழையதன் மேலேயே எழுதும், அல்லது எழுதியதாகப் பாவனை செய்யும். முழுவதும் நிரப்பிச் சரிபார்க்கும் இலவச மென்பொருள்கள் உண்டு. திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். நான் சோதித்தது அந்தக் காலம் முடிந்த மறுநாள்.

கேள்வி: இவ்வளவு உயரத்தில், பனியில், ஹார்ட் டிஸ்க் சீக்கிரம் கெடுமா?
— உதகை

பதில்: உயரத்தால் கெடாது. முனை மிதப்பதற்குக் காற்று வேண்டும் என்பதால் உயர வரம்பு ஒன்று உண்டு. பொதுவாக 3,048 மீட்டர். உதகை 2,240. தொட்டபெட்டா உச்சியே 2,637தான். பனியில் வந்த பெட்டியை ஹீட்டர் போட்ட அறைக்குள் கொண்டுவந்ததும் ஆன் செய்யாதீர்கள். மூக்குக்கண்ணாடியில் படிகிற அதே நீர்த்திவலை உள்ளேயும் படியும். ஒரு மணி நேரம் பொறுங்கள்.

கேள்வி: எஸ்எஸ்டி போட்டால் எது கொட்டினாலும் பயமில்லை என்கிறார் கடைக்காரர்.
— கோத்தகிரி

பதில்: எஸ்எஸ்டியில் சுழலும் தட்டு கிடையாது, சிப்பில்தான் சேமிக்கும். அதனால் விழுந்தால் தாங்கும். கொட்டினால் அதுவும் மின்பலகைதான். சில மாடல்களில் அதைத் தாய்ப்பலகையோடு சேர்த்தே பற்றவைத்துவிடுகிறார்கள். பலகை போனால் கழற்றி வேறொன்றில் மாட்டக்கூட வழியில்லை. போதாததற்கு, உள்ளே இருப்பதை வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டுக் குறியீடும் (என்கிரிப்ஷன்) போட்டிருப்பார்கள். அந்தப் பூட்டைத் திறக்கும் மீட்பு எண்ணை ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். மிச்சப் பணத்துக்கு நல்ல கடையில் பில்லோடு ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி, பிரதி எடுத்து, தங்கை வீட்டில் கொடுத்து வையுங்கள்.

கேள்வி: டம்ளரைத் தட்டிவிட்டது எங்கள் பூனை. நான் அறையிலேயே இல்லை. இதற்குக் கடைக்காரர் பொறுப்பு இல்லையென்றாலும், என் பொறுப்பும் இல்லையே?
— குன்னூர்

பதில்: டம்ளரை அங்கே வைத்ததும் பூனைதானா?