போலந்திலிருந்து பாஸ்டன் வரை: ஐரோப்பியக் குடியேற்ற எதிர்ப்பு – கேள்வி பதில்

கேள்வி: ஷெங்கன் எல்லை திறந்ததால்தானே போலந்துக்காரர்கள் பிரிட்டனில் குவிந்தார்கள்?

பதில்: இல்லை. பிரிட்டன் ஷெங்கனில் ஒருநாளும் சேரவில்லை. உறுப்பு நாடுகளுக்கு நடுவே எல்லைச் சோதனை இல்லாத ஏற்பாடுதான் ஷெங்கன். ஐரோப்பிய ஒன்றியத்தின் இன்னொரு உறுப்பு நாட்டில் வேலை பார்க்கும் உரிமை 1957 ரோம் ஒப்பந்தத்திலிருந்து வருகிறது. அகதி அடைக்கலம் மூன்றாவது விஷயம், அதற்குத் தனிச் சட்டம். எந்தச் செய்தியைப் படித்தாலும் இந்த மூன்றில் எது என்று முதலில் பிரித்துவிடுங்கள்.

கேள்வி: ஐயா, 2004-ல் பிரிட்டன் அரசின் கணக்கு எங்கே பிசகியது?

பதில்: அந்த வருடம் மே 1 அன்று பத்து நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. அவற்றில் எட்டு கிழக்கு, மத்திய ஐரோப்பிய நாடுகள். அங்கிருந்து வரும் தொழிலாளர்களைப் பழைய உறுப்பு நாடுகள் 2+3+2 என மூன்று கட்டமாக ஏழு வருடம் வரை தடுத்து வைக்கலாம் என்று ஒப்பந்தமே இடம் கொடுத்தது. ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் 2011 வரை, முழுக் காலமும், கட்டுப்பாடு வைத்திருந்தன. பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் மூன்றும் முதல் நாளே திறந்தன.

வருடத்துக்கு நிகரமாக (வந்தவர்களில் திரும்பிப் போனவர்களைக் கழித்து) 5,000 முதல் 13,000 பேர் வருவார்கள் என்பது பிரிட்டன் அரசு கேட்டு வாங்கிய மதிப்பீடு. மற்ற பெரிய நாடுகளும் திறக்கும் என்ற அனுமானத்தின் மேல் போட்ட கணக்கு அது. அவை திறக்கவில்லை. இங்கிலாந்து, வேல்ஸில் வசித்த போலந்தில் பிறந்தவர்கள் 2001-ல் 58,000, 2011-ல் 5,79,000.

எண்ணும் முறையிலும் ஓட்டை இருந்தது. பயணிகளிடம் மாதிரிக் கணக்கெடுப்பு பெரிய விமான நிலையங்களில்தான் அதிகம் நடந்தது. மலிவு விமானங்களோ சிறிய நிலையங்களில் வந்து இறங்கின. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு, பத்தாண்டு நிகரக் குடியேற்றத்தோடு 3,46,000 பேரைக் கூட்ட வேண்டியதாயிற்று. திறந்தது லண்டன் அரசின் முடிவு. பழி விழுந்தது ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ் மேல்.

கேள்வி: வெளிநாட்டவரே இல்லாத ஊரில்தான் எதிர்ப்பு அதிகமாமே? 2016-ல் ஒன்றியத்தில் இருப்பதா வெளியேறுவதா என்று பிரிட்டனில் நடந்த பொது வாக்கெடுப்பில், லண்டன் இருக்கத்தானே வாக்களித்தது?

பதில்: பாதிதான் சரி. இங்கிலாந்தில் லிங்கன்ஷயரின் பாஸ்டனைப் பாருங்கள் (அமெரிக்க பாஸ்டன் இல்லை). சுமார் 64,600 பேர் உள்ள வட்டாரம். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் வயல்கள், காய்கறி பொட்டலம் கட்டும் கொட்டகைகள். 2011-ல் பத்தில் ஒருவர் புதிய உறுப்பு நாடுகளிலிருந்து வந்தவர். 2016-ல் 75.6% பேர் வெளியேற வாக்களித்தார்கள், நாட்டிலேயே அதிகம். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை விட எவ்வளவு சீக்கிரம் வந்தார்கள் என்பதைப் பாருங்கள்.

கேள்வி (அதே நண்பர்): அப்படியானால் கூலி சரிந்ததுதான் காரணம். இனவெறி என்பது அபாண்டம்.

பதில்: இரண்டையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். சராசரிக் கூலியில் பாதிப்பு மிகச் சிறியது; அடிமட்டக் கூலியில்தான் கொஞ்சம் தெரிந்தது. ஊரைக் கொதிக்க வைத்தது வாடகை, ஒரே வீட்டில் நெருக்கியடித்து ஆள் வைத்த ஏஜென்சிகள், மருத்துவரிடம் நீண்ட வரிசை. ஆள் வந்த வேகத்துக்கு மத்திய அரசின் பணம் வரவில்லை. அந்தக் குறை நியாயமானது. ஆனால் 2016 ஜூனில், வெளியேறச் சொல்லிப் பிரசாரம் செய்த அரசியல்வாதி ஃபராஜ் வெளியிட்ட சுவரொட்டியில் இருந்தது 2015-ல் ஸ்லோவேனிய எல்லையில் நடந்து சென்ற அகதிகள். பாஸ்டனின் வாடகைக்கும் அவர்களுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. வேலை உரிமையையும் அடைக்கலத்தையும் வேண்டுமென்றே குழப்பி, நிறத்தைக் காட்டிப் பயமுறுத்திய வேலை அது. குறை சொல்லும் எல்லாரும் இனவெறியர் இல்லை. அந்தச் சுவரொட்டி இனவெறிதான்.

கேள்வி: அங்குள்ள நம் தமிழர்கள் அந்த 2016 வாக்கெடுப்பில் வாக்களிக்க முடிந்ததா?

பதில்: முடிந்தது. காமன்வெல்த் குடிமக்கள் என்பதால், அங்கு வசித்த இந்திய, இலங்கைக் குடிமக்களுக்கு வாக்கு உண்டு. போலந்துக் குடிமக்களுக்கு இல்லை.

கேள்வி: ஷெங்கனை ரத்து செய்திருந்தால் பிரிட்டன் வெளியேறியிருக்காது அல்லவா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஷெங்கன் விசாவில் பாரிஸில் வேலை பார்க்கலாமா?

பதில்: சுற்றுலா விசாவில் கூடாது. மற்றதைத் தூதரகத்தில் கேளுங்கள்.

கேள்வி: ஜெர்மனியின் குடியேற்ற எதிர்ப்புக் கட்சியான ஏஎஃப்டி-யும் இதே வழிதானா?

பதில்: தொடக்கம் வேறு. 2013-ல் யூரோ நாணயத்தை எதிர்த்த பொருளாதாரப் பேராசிரியர்கள் உள்ளிட்டோர் தொடங்கிய கட்சி, அந்த வருடத் தேர்தலில் 4.7% வாங்கி, நாடாளுமன்றத்தில் நுழையத் தேவையான 5% வரம்பைத் தவறவிட்டது. 2015-ல் நிறுவனர்களில் ஒருவரான லுக்கே வெளியேறினார், அதே வருடம் அகதிகள் பெருமளவில் வந்தார்கள், கட்சி குடியேற்ற எதிர்ப்புக்குத் திரும்பியது. 2017-ல் 12.6%, 2025-ல் 20.8%. இங்கே பிரச்சினை அடைக்கலம். வேலை உரிமை இல்லை. மறுபடியும் சொல்கிறேன், பிரித்துப் பாருங்கள்.

கேள்வி: வெளியேறிய பிறகு பிரிட்டனில் குடியேற்றம் குறைந்ததா?

பதில்: ஐரோப்பாவிலிருந்து குறைந்தது. மொத்தமாக, முதல் சில வருடங்களில் கூடியது: 2023 ஜூன் வரையிலான ஒரு வருடத்தில் நிகரம் 9 லட்சத்தைத் தாண்டியது. இந்தியா, நைஜீரியா மாணவர்களும் பராமரிப்புப் பணியாளர்களும் அதில் பெரும் பங்கு. 2024 தேர்தலில் ஃபராஜின் ரிஃபார்ம் கட்சி 14.3% வாக்கும் 5 இடங்களும் பெற்றது. அதில் ஒன்று பாஸ்டன் அடங்கிய தொகுதி.