ஆல்டோவில் வால்பாறை – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

உங்கள் வால்பாறைக் கட்டுரையைப் படித்தேன். சின்ன காரில்தான் போனதாக அதில் எழுதியிருந்தீர்கள். அதனால் உங்களிடமே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. என்னிடம் இருப்பது 2014 மாடல் ஆல்டோ 800, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பள்ளி விடுமுறையில் நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என ஐந்து பேரும் வால்பாறை, மூணாறு, கொடைக்கானல் மூன்றையும் ஒரே சுற்றில் பார்த்துவிட்டு வரலாம் என்று திட்டம். மச்சான் கேட்டுவிட்டுச் சிரிக்கிறார். "இந்த டப்பா ஆழியாறு செக்போஸ்ட்டைத் தாண்டாது, பேசாமல் வாடகைக்குப் பெரிய வண்டி எடு" என்கிறார். ஏசி போட்டுக்கொண்டு ஐந்து பேரோடு மேம்பாலம் ஏறினாலே மூன்றாவது கியரில் வண்டி திணறுவது உண்மைதான். மலைக்குக் கொண்டுபோகலாமா? சாமான் வைக்க மேலே கேரியர் மாட்டலாமா? வால்பாறையிலிருந்து மூணாறுக்கு நேர்வழி உண்டா?

எஸ்., கரூர்

*

அன்புள்ள எஸ்.,

தாராளமாகக் கொண்டுபோகலாம். ஆனால் நீங்களும் சரி, மச்சானும் சரி, வண்டி ஏறுமா என்று மட்டும்தான் யோசிக்கிறீர்கள். ஏறாத வண்டி வழியில் நின்றுவிடும், அவ்வளவுதான். இறங்கும்போது நிற்காத வண்டிதான் ஆளைக் கொல்லும். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் ஏற்றம். உங்கள் என்ஜின் 796 சிசி, மூன்று சிலிண்டர், 48 குதிரைத்திறன். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோதும் அதே 796 சிசிதான், திறன் 40-க்கும் குறைவு. ஒரு தலைமுறையே குடும்பத்தோடு ஊட்டிக்குப் போய் வந்தது அந்த வண்டியில்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டி, ஐந்து பேர், பைகள் எல்லாம் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம் கிலோ. நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் ஏற்றத்தில் இந்த எடையை மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்றப் பத்துப் பதினோரு குதிரைத்திறன் போதும். மலையில் 30-க்கு மேல் போக வேண்டிய அவசியமும் இல்லை.

அப்படியானால் மேம்பாலத்தில் ஏன் திணறுகிறது? என்ஜினிடம் இருக்கும் 48-ம் நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றில்தான் கிடைக்கும். மூன்றாவது கியரில் 30-க்கு இறங்கிவிட்டால் என்ஜின் இரண்டாயிரம் சுற்றுகூடச் சுற்றாது; அந்த நிலையில் அதனிடம் இருப்பதே பத்துப் பன்னிரண்டுதான். அதிலும் ஏசி கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளும். இரண்டாவதுக்கு மாற்றி ஏசியை நிறுத்துங்கள், அதே வண்டி அதே பாலத்தில் ஏறும். நம் ஊரில் பலருக்குக் கியரைக் குறைப்பதில் ஒரு கூச்சம். என்ஜின் கத்தினால் வண்டி கெட்டுவிடும் என்றும், பெட்ரோல் குடிக்கும் என்றும் ஒரு பயம். சிறிய என்ஜின் கத்துவதற்காகவே செய்யப்பட்டது. கத்தாமல் 'டக டக' என்று அடித்துக்கொண்டு வண்டி நடுங்கினால்தான் கவலைப்பட வேண்டும். உங்கள் வண்டியில் ஆர்பிஎம் மீட்டர் கிடையாது, காதுதான் மீட்டர். பாட்டை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள்.

உயரம் போகப்போகக் காற்று மெலிகிறது. டர்போ இல்லாத என்ஜின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் திறனை இழக்கும். கொடைக்கானல் ஏறக்குறைய ஏழாயிரம் அடி. அங்கே உங்கள் 48 தோராயமாக 38 ஆகிவிடும். அதாவது கொடைக்கானலில் ஓடும் ஆல்டோ என்பது கரூரில் ஓடும் பழைய மாருதி 800. அதற்கு மேல் ஒன்றும் குறைந்துவிடாது. லடாக்கில் கார்துங் லா கணவாய் 5,359 மீட்டர் உயரம், காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் பாதிதான். அங்கேயும் ஆல்டோக்கள் முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறத்தான் செய்கின்றன.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்குள் நுழைந்த பிறகு கியர் மாற்றாதீர்கள். நுழையும் முன்பே இரண்டாவது, தேவைப்பட்டால் முதலாவது. மேலிருந்து பேருந்து வருவது தெரிந்தால் வளைவின் வாயிலேயே ஓரமாக நின்றுவிடுங்கள். அரசுப் பேருந்து அந்த வளைவில் திரும்புவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். முன்சக்கரம் தார் ரோட்டின் விளிம்பு வரை போகும், டிரைவர் இருக்கை ஏறக்குறைய தடுப்புச்சுவருக்கு மேலேயே வந்துவிடும், பின்பக்கம் மலைச்சுவரை உரசுகிற மாதிரி சுழன்று வரும். ரோட்டின் முழு அகலமும் அதற்குத்தான். குறுகலான மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டத்தைப் பேருந்திடம் எதிர்பார்த்துக்கொண்டு வளைவுக்குள் நிற்காதீர்கள்.

நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கிளம்புங்கள். ஹாஃப் கிளட்சிலேயே வண்டியைத் தாங்கிக்கொண்டிருந்தால் கிளட்ச் பிளேட் கருகி நாற்றம் வரும். மலையில் கெட்டுப்போய் நிற்கும் சிறிய கார்களில் என்ஜின் போனவை குறைவு. கிளட்ச் தீய்ந்தவைதான் அதிகம்.

சிறிய வண்டிக்கு மலையில் உண்மையிலேயே முடியாதது ஒன்று உண்டு, முந்துவது. தேயிலை லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அதன் பின்னாலேயே போங்கள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்ட் இருக்கிறது, நிறுத்தி ஆழியாறு அணையைப் பாருங்கள். அந்தப் பகுதிப் பாறைகளில் வரையாடுகள் நிற்கும். லாரி அதற்குள் போயிருக்கும்.

சரி, இறக்கம். ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து உங்கள் வண்டி கீழே வரும்போது அந்த உயரத்தின் ஆற்றல் எல்லாம் வெப்பமாகித்தான் கழிய வேண்டும். முப்பது லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு வெப்பம் அது. இதைப் பிரேக் மட்டுமே தாங்க வேண்டுமா, என்ஜினும் பங்குபோட்டுக்கொள்ளுமா என்பது உங்கள் கியரில் இருக்கிறது. பழைய டிரைவர்கள் 'ஏறின கியரில் இறங்கு' என்பார்கள். அது அப்படியே சரி. இரண்டாவதில் விட்டு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் என்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும். பிரேக்கை அவ்வப்போது அழுத்திப் பிடித்து விட்டுவிட வேண்டும். மலை முழுக்க லேசாகக் கால் வைத்துக்கொண்டே வருவதுதான் கெடுதல்.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கும் பழக்கம் கார்புரேட்டர் காலத்து மிச்சம். உங்களுடையது பெட்ரோலைக் கணினி அளந்து விடும் இன்ஜெக்ஷன் வண்டி. கியரில் இறங்கும்போது என்ஜின் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் வரை அது பெட்ரோலை அறவே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்குக் குடிக்கும். சாவியையே அணைத்துவிட்டு இறங்கும் புத்திசாலிகளும் உண்டு. லேசாக அழுத்தினாலே பிரேக் பிடிக்க உதவும் பிரேக் பூஸ்டர் இரண்டு அழுத்தோடு செத்துவிடும் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

பிரேக் ஆயிலை எப்போது மாற்றினீர்கள்? செகண்ட் ஹேண்ட் வண்டி என்பதால் கேட்கிறேன். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். உள்ளே ஆவி உண்டானால் பெடல் பஞ்சு மாதிரி தரைவரை போகும். இரண்டு வருடமாக மாற்றவில்லை என்றால் கிளம்பும் முன் மாற்றிவிடுங்கள், பிரேக் பேடையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சர்வீஸுக்கு விடும்போது இதைத் தனியாகச் சொன்னால்தான் செய்வார்கள்.

வழியில் பிரேக் சூட்டு வாடை வந்தால் அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்து அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போடுங்கள். பாதிப் பேர் ரோட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள், இருட்டில் வரும் பைக்காரர் அதில் விழுகிறார். எனக்கு மலைப்பாதையில் இதைவிட எரிச்சல் தருவது வேறில்லை.

இறக்கத்தைப் பற்றி நான் மிகைப்படுத்துவதாக மச்சான் சொன்னால் கல்லட்டியைச் சொல்லுங்கள். மசினகுடிக்கும் ஊட்டிக்கும் நடுவே 36 வளைவுகள், மிகச் செங்குத்து. 2018-இல் அங்கே நடந்த பெரிய விபத்துக்குப் பிறகு நிர்வாகம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. தடை வெளியூர் வண்டிகள் ஊட்டியிலிருந்து இறங்குவதற்குத்தான். ஏற விட்டார்கள்.

உங்கள் வழி: வால்பாறையிலிருந்து மூணாறுக்கு நேர் சாலை கிடையாது. மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளிக்குப் போகும் காட்டுப்பாதை அழகுதான், ஆனால் அப்படிப் போனால் கேரளச் சமவெளியில் சாலக்குடிப் பக்கம் இறங்கி, மறுபடி மூணாறுக்கு ஏற வேண்டும். அம்மாவை வைத்துக்கொண்டு வேண்டாம். வந்த வழியே பொள்ளாச்சிக்கு இறங்கி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு போங்கள். குறுகலான பாதை, ஆனால் ஏற்றம் மெதுவானது. சின்னாறு காட்டுப்பகுதியை வெளிச்சம் இருக்கும்போதே கடந்துவிட வேண்டும். திரும்பும்போது தேவிகுளம், பூப்பாறை, போடிமெட்டு. அங்கே 17 வளைவுகள் இறங்கினால் போடி. இங்கேயும் இரண்டாவது கியர்தான்.

கொடைக்கானலை இந்த முறை விட்டுவிடுங்கள் என்பேன். 2024 மே மாதம் அதற்கு இ-பாஸ் முறை வேறு வந்தது. வண்டியால் முடியும், ஒரு வாரத்தில் மூன்று மலை ஏறி இறங்கினால் பிள்ளைகள் வாந்தி எடுத்த இடங்கள்தான் ஞாபகத்தில் இருக்கும். அந்த இரண்டு நாளையும் வால்பாறைக்குக் கொடுங்கள். கவர்க்கல்லில் மூடுபனி இறங்கினால் லோ பீமில், ஊர்வது போல் ஓட்டுங்கள். முன்கண்ணாடியின் உட்பக்கம் ஆவி படிந்தால் அப்போது மட்டும் ஏசியைப் போட்டு காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள். புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் ரோட்டோரத்துக்கே வரும். தின்பண்டம் கொடுக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

கேரியர் வேண்டாம். உச்சியில் எடை ஏறினால் வளைவில் வண்டி சாயும். ஐந்து பேர் துணி டிக்கியில் அடங்காது என்றால் துணியைக் குறையுங்கள். மச்சானுக்கு இன்னமும் சந்தேகம் இருந்தால் அவரையும் அவர் வண்டியில் வரச் சொல்லுங்கள், சாமானை அதில் ஏற்றிவிடலாம்.