வாரினதை எங்க போட்டீங்க?

கேள்வி: நாகர்கோவில்ல ஒரு கடையில வேலை பாக்கேன், ஞாயிறு மட்டும்தான் லீவு. போன வருஷம் ஃப்ரெண்ட்ஸ் இருபது பேர் சேந்து எங்க ஊர் குளத்துல ஆகாயத்தாமரையை வாரிக் கரையில போட்டோம், மரக்கன்னும் நட்டோம். ரெண்டே மாசத்துல பழையபடி மூடிட்டு, கன்னெல்லாம் ஆடு தின்னுட்டு. இப்ப தேரூர் குளத்துல ஏதாவது பண்ணலாம்னா எல்லாவனும் கிண்டல் பண்ணுதானுவ. விட்டுரவா?

பதில்: விடாத தம்பி. ஆனா வாரினதைக் கரையில போட்டோம்னு நீயே எழுதிருக்க பாரு, கோளாறு அங்கதான். ஒரு மழைக்கு அவ்வளவும் திரும்ப உள்ள போயிருக்கும், ஒரு துண்டு தண்டு மிஞ்சினாக்கூட அது குட்டி போட்டு ரெண்டு வாரத்துல இரட்டிச்சிரும், போதாததுக்கு சாக்கடைத் தண்ணியும் வயல் உரமும் வந்து சேருது, பிறகு கேக்கவா வேணும். தண்ணி எட்டாத இடத்துல கொண்டு போட்டு காயவிடணும். இருபது பேர் ஒருநாள் போறதுக்குப் பதிலா நாலு நாலு பேரா மாத்தி மாத்தி வருஷம் பூரா போங்க. போட்டோவுக்கு கூட்டம் பத்தாதுதான், பரவால்ல.

அதுக்காக குளத்தை மொட்டையடிச்சிரவும் கூடாது. சம்பும் கோரையும் நமக்கு புதர், நீலத்தாழைக்கோழிக்கு அதுதான் வீடு. நீளவால் இலைக்கோழி மிதக்குற இலை மேலயே நாலு முட்டை போட்டு வச்சிட்டு போயிரும், அடைகாக்குறது பூரா ஆம்பளைதான் (எங்க வீட்டுல இதைச் சொன்னா நம்ப மாட்டாங்க). அதனால ஆகாயத்தாமரையை மட்டும் எடு, ஓரத்துப் புல்லுல கை வைக்காத. வலசை வர்ற பறவைக எல்லாம் போன பிறகு, ஏப்ரல் மே மாசம் தண்ணி வத்தியிருக்கும்போது பண்ணுனா நல்லது, அப்பவும் கூடு இருக்கான்னு பாத்துட்டு இறங்கு. மரக்கன்னு ஆசையை இப்போதைக்கு விடு, உள்ளான் மாதிரி சேத்துல இரை தேடுற பறவைக்கு வேண்டியது வெட்டவெளி சேறு, நிழல் இல்ல.

இன்னொண்ணு, தேரூர் உங்க ஊர் குளம் மாதிரி இல்ல. சுசீந்திரம் தேரூரும் வேம்பனூரும் 2022ல ராம்சர் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல சேந்த இடம், வனத்துறையைக் கேக்காம இறங்காத. நாகர்கோவில் வன அலுவலகத்துல ஒரு மனு குடுத்து, என்ன வேலைக்கு ஆள் வேணும்னு நீயே கேளு. பறவை கணக்கெடுப்புக்கு ஆள் எடுத்தா முதல்ல அதுக்குப் போ, பொங்கல் சமயத்துலயும் நடக்கும், பைனாகுலர் புடிச்சு ரெண்டு சீசன் கரையில நின்னவனுக்குத்தான் எதைப் புடுங்கணும் எதை விடணும்னு பிடிபடும்.

கால்ல புண்ணு இருந்தா மட்டும் சேத்துல இறங்கிராத, எலிக்காய்ச்சல் வந்தா லேசுல விடாது, கம்பூட்ஸ் வாங்கிக்க.

உங்க ஊர் குளத்தையும் அப்படியே விட்டுராத. அந்த ஆட்டுக்காரர் மேல கோவம் இருந்தா அதை மறந்துட்டு அவரையும் கூட சேத்துக்கோ, தினமும் கரையில நடக்குற மனுசன், எந்தச் சாக்கடை எங்க வந்து விழுதுன்னு உங்க இருபது பேரை விட அவருக்குத்தான் தெரியும்.