நியூ ஜெர்சி வாடகை வீடு: ஐந்து நண்பர்கள், ஐந்து கார்கள், ஒரு நோட்டீஸ்

கேள்வி: நியூ ஜெர்சியில் மூன்று பெட்ரூம் வீட்டில் நண்பர்கள் ஐந்து பேர் இரண்டு வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். போன வாரம் டவுன்ஷிப்பிலிருந்து, அதாவது ஊராட்சி அலுவலகத்திலிருந்து, நோட்டீஸ் வந்தது. உறவில்லாதவர்கள் நான்கு பேருக்கு மேல் ஒரே வீட்டில் இருக்கக் கூடாதாம், புல்தரையில் கார் நிறுத்தக் கூடாதாம். வேறு ஊரில் இருக்கும் வீட்டுக்காரர் மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்கிறார். சித்தப்பா பிள்ளைகள் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. அரசு அலுவலகத்துக்குத் தெரிந்தே பொய் எழுதிக் கொடுப்பது தனிக் குற்றம், விசாவில் இருப்பவர்களுக்கு அது பெரிய தலைவலி. உங்கள் மாநிலத்தில் அந்தப் பொய்க்குத் தேவையே இல்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம்.

நியூயார்க்கின் பெல் டெர் கிராமத்தில் ஆறு மாணவர்கள் சேர்ந்து ஒரு வீட்டில் இருந்ததை ஊர் தடுத்தபோது, அப்படித் தலை எண்ணுவது செல்லும் என்று 1974-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் தன் மாநில அரசியல் சட்டத்தை வைத்து 1979-ல் பிளெயின்ஃபீல்ட் நகரத்தின் இதே மாதிரியான நான்கு பேர் வரம்பைத் தள்ளுபடி செய்தது. 1990-ல் கிளாஸ்பரோவில் பத்து கல்லூரி மாணவர்கள் ஒரே வீட்டில் இருந்த வழக்கு வந்தது. அவர்கள் சேர்ந்து சமைத்தார்கள், பொதுக் கணக்கில் பணம் போட்டு பில் கட்டினார்கள், மூன்று வருடம் ஒன்றாக இருக்கத் திட்டம் வைத்திருந்தார்கள். அது ஒரு குடும்பம் போலத்தான் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதாவது ரத்த உறவைப் பார்ப்பதில்லை, ஒரே குடித்தனமா என்றுதான் பார்க்கிறார்கள்.

அதனால் இப்போதே உங்கள் வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பாருங்கள். ஒரே லீஸில் ஐந்து பேர் பெயரும் இருக்கிறதா? மளிகைச் செலவைப் பங்கு போட்ட கணக்கு இருக்கிறதா? இருந்தால் பிரதி எடுத்து வையுங்கள். பெட்ரூம் கதவுகளில் தனித்தனிப் பூட்டு, ஃபிரிட்ஜில் தட்டுக்குத் தட்டு பெயர்ச் சீட்டு என்று இருந்தால் லாட்ஜ் மாதிரி தெரியும். அப்படி அறை அறையாக வாடகைக்கு விடுவதற்கு மாநிலத்தில் தனி லைசென்ஸ் வேண்டும். இன்னொன்று, இடப்பரப்பு விதி எல்லாருக்கும் உண்டு, சொந்தக் குடும்பத்துக்கும்கூட. இரண்டு பேர் தூங்கும் அறை குறைந்தது 100 சதுர அடி இருக்க வேண்டும்.

இனி கார். இங்கே நான் உங்கள் பக்கம் நிற்க முடியாது. பனி உருகிய மார்ச் மாத ஈர மண்ணில் சக்கரம் பதிந்த இரண்டு பள்ளங்களைப் பக்கத்து வீட்டுக்காரர் படம் எடுத்துக் கொடுத்திருந்தால் அதற்கு மேல் சாட்சியே வேண்டாம். ஒரு வீட்டுக்கு இத்தனை கார் என்று பாரபட்சமில்லாமல் வரம்பு வைக்கலாம் என்று அந்த 1979 தீர்ப்பே சொல்கிறது. புல்தரைத் தடையும் குடும்பம், நண்பர்கள் என்று வித்தியாசம் பார்க்காதது, அதனால் செல்லும். கராஜில் அரிசி மூட்டையும் பழைய சோஃபாவும் கிடந்தால் காலி செய்து ஒரு காரை உள்ளே விடுங்கள், டிரைவ்வேயில் இரண்டு, மீதியை வெளியே மாத வாடகைக்கு நிறுத்துங்கள், முடிந்தால் ஒன்றை விற்றுவிடுங்கள். தெருவில் விடலாமே என்றால் பல ஊர்களில் இரவுத் தடை இருக்கிறது, உங்கள் தெருப் பலகையைப் படித்துப் பாருங்கள். டிரைவ்வேயை அகலப்படுத்த வீட்டுக்காரர் சம்மதமும் பெர்மிட்டும் வேண்டும்.

அப்புறம் வீட்டுக்காரர். வீட்டில் அவர் குடியிருக்கவில்லை, அதனால் நியூ ஜெர்சியில் 1974 முதல் இருக்கும் வெளியேற்றத் தடைச் சட்டம் உங்களைக் காக்கும். சட்டம் சொல்லும் காரணமும் நீதிமன்ற உத்தரவும் இல்லாமல் உங்களை வெளியேற்ற முடியாது, பூட்டை மாற்றவும் கூடாது. அவரிடம் கோபப்படாமல் இதை எழுத்தில் சொல்லுங்கள், வாடகையை மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள்.

வீட்டைச் சோதிக்க டவுன்ஷிப் ஆய்வாளர் வாரண்ட் இல்லாமல் வந்தால் உள்ளே விட மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு, மரியாதையாகச் சொன்னால் போதும். ஆனால் நகராட்சி நீதிமன்றத் தேதி வந்தால் கட்டாயம் போங்கள். போகாமல் விட்டால் கைது வாரண்ட் வரலாம். நோட்டீஸில் இருக்கும் கெடு முடிவதற்குள் லீஸையும் நோட்டீஸையும் எடுத்துக்கொண்டு உள்ளூர் வழக்கறிஞரைப் பாருங்கள், புல்தரை காலியான படத்தையும் தேதியோடு சேர்த்துக் கொண்டு போங்கள்.