இருவராக வருகிறவர்களுக்கு: இரிங்காவிலிருந்து ஒரு பதில்

அன்புள்ள தங்கைக்கு,

நீங்களும் உங்கள் கணவரும் இரண்டு ஆண்டுத் தன்னார்வப் பணிக்காகத் தான்சானியாவின் தெற்கு மேட்டுநிலத்துக்கு வரவிருப்பதாக எழுதியிருந்தீர்கள். உதவித்தொகையில் குடும்பம் நடத்தி ஊரும் சுற்ற முடியுமா, தெரிந்தவர் யாருமில்லாத ஊரில் இருவர் மட்டும் முகம் பார்த்துக்கொண்டிருப்பது மூச்சு முட்டாதா, என்ன எடுத்துவர வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். நாங்கள் 2011ஆம் ஆண்டு இதே போல இரண்டு ஆண்டுகளுக்கென்று இரிங்காவுக்கு வந்து, பிறகு இங்கேயே வேலை தேடிக்கொண்டு தங்கிவிட்டவர்கள். ஆகவே உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டுக்கும் விடை அதற்குள்ளேதான் இருக்கிறது.

முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். பணி உங்கள் கணவருக்கு மட்டுமா, உங்களுக்கும் சேர்த்தா? தன்னார்வலர்களுக்கு இங்கே சி வகுப்பு வசிப்பு அனுமதி வழங்கப்படுகிறது. அது இருவருக்கும் தனித்தனியே இருக்க வேண்டும். ஒருவர் பெயரில் அனுமதி வாங்கி மற்றவர் அவரைச் சார்ந்தவராகப் பதிவு செய்துகொண்டால், அந்த மற்றவர் எந்த வேலையும் ஏற்க முடியாது. வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்து வந்த ஒரு பெண்மணி, காலை ஏழு மணிக்குக் கணவரை வழியனுப்பிவிட்டு மாலை ஐந்து மணிவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்து, எட்டாம் மாதம் தனியாக விமானம் ஏறியதை நான் பார்த்திருக்கிறேன். அவரிடம் குறையில்லை. அவருக்கென்று அந்த ஊரில் ஒரு காரணம் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்களுக்கு அந்த வகையில் நல்ல காலம். நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. அவர் ஒரு மருத்துவமனையில் கருவிகளைப் பழுதுபார்ப்பவர். இந்த நாட்டில் தொடக்கப்பள்ளி முழுவதும் சுவாஹிலியில் நடக்கும். மேல்நிலையில் அடியெடுத்து வைத்ததும் பாடம் ஆங்கிலத்துக்கு மாறிவிடும். என் முதல் வகுப்பில் எழுபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள், கணக்குப் புரியாமல் அல்ல, கேள்வி புரியாமல் விழித்துக்கொண்டிருந்தார்கள். இரவில் அகராதியை வைத்துக்கொண்டு நான் சுவாஹிலி படித்தது இந்த விழிகளுக்குப் பதில் சொல்லத்தான். அவருடைய சிக்கல் வேறு விதமானது. நன்கொடையாக வந்து இறங்கியிருந்த கருவிகளில் பல 110 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. இங்கே மின்சாரம் 230 வோல்ட். பெட்டியைப் பிரித்துச் செருகிய அன்றே கருகிப்போன கருவிகள் ஓர் அறை நிறையக் கிடந்தன. மாலையில் அவர் அந்தக் கருகலின் கதையோடு வருவார், நான் பிள்ளைகளின் கதையோடு வருவேன். பகலெல்லாம் ஒன்றாக இருந்திருந்தால் இராச் சாப்பாட்டுக்குப் பேச என்ன இருந்திருக்கும் என்று இப்போதும் யோசிப்பதுண்டு.

இன்னொன்றும் இருக்கிறது, இதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். உங்கள் ஊரில் தமிழ் பேசும் வாய் உங்கள் கணவருடையது ஒன்றாகத்தான் இருக்கும். சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தினால் அன்றைக்குத் தமிழே நின்றுபோகும். எங்கள் முதல் பெரிய சண்டை மூன்றாம் நாள் முடிந்தது, சமாதானத்தால் அல்ல. ஒரு நகைச்சுவையைச் சொல்லியே ஆகவேண்டும் போலிருந்தது, அதைச் சுவாஹிலியில் சொல்ல எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. அந்த நகைச்சுவை இதுதான்: இங்கே ‘மாமா’ என்றால் அம்மா, ‘காக்கா’ என்றால் அண்ணன். சந்தையில் கீரைக்காரப் பெண் என்னை ‘மாமா’ என்றும் அவரைக் ‘காக்கா’ என்றும் அன்போடு கூப்பிட்டதைத் தமிழ் தெரிந்த ஒருவரிடம் சொல்லாமல் எப்படி இருப்பது?

கூப்பிடும் முறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மணமானவரை மூத்த பிள்ளையின் பெயரோடு சேர்த்து ‘இன்னாருடைய அம்மா’, ‘இன்னாருடைய அப்பா’ என்றுதான் அழைப்பார்கள். உங்களுக்கு இன்னும் குழந்தையில்லை என்றால் அந்தக் கேள்வி முதல் வாரத்திலேயே வரும், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடமிருந்தும் வரும். அதில் குத்தல் எதுவும் கிடையாது. உங்களை எப்படி அழைப்பது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள். ‘இன்னும் இல்லை’ என்று சிரித்துக்கொண்டு சொல்லுங்கள், போதும். ஆசிரியை என்பதால் நான் சில ஆண்டுகள் ‘ம்வாலிமு’ என்ற பெயரில் தப்பித்தேன். இந்த நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நியரேரேயை இன்றும் அந்தச் சொல்லால்தான் குறிப்பிடுகிறார்கள் என்பதால் அதற்குத் தனி மரியாதை உண்டு. மகள் பிறந்ததும் என் சொந்தப் பெயர் ஊரிலிருந்தே காணாமல் போயிற்று.

மூத்தவர் எதிர்ப்பட்டால் ‘ஷிக்கமோ’ என்று முதலில் சொல்ல வேண்டியவர் இளையவர். உங்கள் காலைப் பற்றுகிறேன் என்பது அதன் பொருள் என்பார்கள். அவர் ‘மரஹபா’ என்று ஏற்றுக்கொள்வார். அதைச் சொல்லாமல் விஷயத்துக்குப் போனீர்களானால், எவ்வளவு நல்ல யோசனையோடு போயிருந்தாலும் அது அங்கேயே முடிந்தது. வீட்டு வாசலில் கதவைத் தட்டக் கூடாது. ‘ஹோடி’ என்று குரல் கொடுத்து, உள்ளேயிருந்து ‘கரீபு’ என்று வரும்வரை நிற்க வேண்டும். தெருவில் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள். அவருடைய ஆண் நண்பர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சந்தை முழுவதும் நடப்பார், அதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

நம்மை இங்கே ‘ம்ஹிந்தி’ என்பார்கள். இந்த நாட்டில் தலைமுறைகளாக வாழும் இந்தியர்களில் பெரும்பாலோர் வணிகர்கள். ஆகவே உங்கள் கடை எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். கடையில்லை, சம்பளமுமில்லை, டாலாடாலா என்னும் சிற்றுந்தில் நெருக்கியடித்துக்கொண்டு பள்ளிக்குப் போகிறேன் என்றால் முதலில் நம்ப மாட்டார்கள். இந்தச் சந்தேகத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1967இல் நாட்டைச் சோசலிசப் பாதைக்குத் திருப்பிய அருஷா பிரகடனம் வந்து, 1971இல் வாடகைக் கட்டடங்களை அரசு எடுத்துக்கொண்டபோது பல இந்தியக் குடும்பங்கள் வெளியேறின. அந்தக் காலத்துக் கசப்பு இரு பக்கத்திலும் மிச்சமிருக்கிறது. வெள்ளைக்காரத் தன்னார்வலருக்கு முதல் நாளே கிடைக்கும் நல்லெண்ணம் உங்களுக்கு ஆறு மாதம் கழித்துக் கிடைக்கலாம். ஆனால் மொழியில் உங்களுக்கு முன்கூட்டியே சொந்தம் இருக்கிறது: பணம் ‘பேசா’, நூறாயிரம் ‘லாக்கி’, மூன்று சக்கர வண்டி ‘பஜாஜி’. வேம்புக்கு ‘ம்வரொபைனி’ என்று பெயர், நாற்பது நோய்க்கான மரம் என்று பொருள். கீரையும் புளியும் எங்கும் கிடைக்கும். மக்காச்சோள மாவைக் கிளறிச் செய்யும் உகாலிக்குப் பழகிவிட்டால் சாப்பாட்டுச் செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உதவித்தொகை வீட்டுக்குப் போதும், மிச்சம் பிடிக்கப் போதாது. கைப்பேசிப் பணப்பரிமாற்றம் இங்கே எல்லாவற்றுக்கும் செல்லும். மின்சாரத்துக்கு முன்பணம் கட்டி, வரும் இருபது இலக்க எண்ணை மீட்டரில் அழுத்த வேண்டும். அதற்கு ‘லுக்கு’ என்று பெயர். அந்த எண் இருவர் கைப்பேசிக்கும் போகும்படி செய்துகொள்ளுங்கள். கணவர் வெளியூரில் இருக்கும் இரவில்தான் கட்டிய பணம் தீரும்.

இனிப் பயணம். இங்கே நீங்கள் சுற்றுலாப் பயணியாக இருக்க மாட்டீர்கள், அதுதான் இதில் இருக்கும் சுகம். வசிப்பு அனுமதி வைத்திருப்பவருக்குத் தேசியப் பூங்காக்களில் வெளிநாட்டவருக்கான கட்டணத்தைவிடக் குறைவு. அனுமதியின் நகலைப் பையிலேயே வைத்திருங்கள். அதற்கும் வழியில்லாத மாதங்களில் டார் எஸ் சலாம் பேருந்தில் சன்னலோர இருக்கை வாங்குங்கள். அந்த நெடுஞ்சாலை மிக்குமி தேசியப் பூங்காவின் ஊடாகவே போகிறது. வண்டி வேகத்தைக் குறைக்க வேண்டிய அந்தப் பகுதியில் யானையையும் ஒட்டகச்சிவிங்கியையும் பேருந்துக் கட்டணத்திலேயே பார்த்துவிடலாம். அதற்கு முன்னால் கிட்டோங்கா மலைச்சரிவில் பாரவண்டிகள் வரிசையாக முனகிக்கொண்டு ஏறும். கண்ணை மூடிக்கொள்வது நல்லது.

ஆனால் பயணச்சீட்டை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். எங்கள் முதல் விடுமுறைக்கு வாங்கிய சீட்டில் 12 மணி என்று எழுதி, பக்கத்தில் ‘அசுபுஹி’ என்றும் இருந்தது. அசுபுஹி என்றால் காலை என்பது தெரிந்திருந்தும், அச்சுப்பிழை என்று எங்களுக்குள்ளே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, பதினொன்றரைக்குப் பெட்டியோடு போய் நின்றோம். சீட்டைப் பார்த்த பையன் எங்களைப் பார்த்தான், பிறகு சூரியனைப் பார்த்தான். வண்டி அந்நேரம் டார் எஸ் சலாம் வழியிலுள்ள மொரோகோரோவை நெருங்கியிருக்கும். சுவாஹிலிக்காரர்களுக்குப் பொழுது விடிவதிலிருந்துதான் மணிக்கணக்கு; நம் ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி, நம் காலை ஆறு மணி அவர்களுடைய பன்னிரண்டு. சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய மொழியில் பிறந்தவர்களுக்கு அது தோன்றியிருக்க வேண்டும். பையன் எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை, ‘போலே’ என்றான். தடுக்கி விழுந்தாலும், காய்ச்சல் வந்தாலும், வேலை செய்து களைத்திருந்தாலும் உங்களுக்குச் சொல்லப்படும் சொல் அது.

நீண்ட விடுமுறை கிடைத்தால் டாசாரா (TAZARA) என்னும் தான்சானியா-சாம்பியா ரயிலில் ஒரு முறை போய்ப் பாருங்கள். டார் எஸ் சலாமிலிருந்து சாம்பியாவின் கபிரி ம்போஷி வரை 1,860 கிலோமீட்டர். எழுபதுகளில் சீனர்கள் கட்டிக்கொடுத்த பாதை. தாமதம் மணிக்கணக்கில் இருக்கும், சேவை நின்றும் போகும், முன்பே விசாரியுங்கள். படுக்கைப் பெட்டிகளில் ஆணையும் பெண்ணையும் தனித்தனி அறைகளில் போடுவார்கள். கணவன் மனைவி சேர்ந்து போக வேண்டுமானால் முழு அறையையும் வாங்க வேண்டும். முதல் வகுப்பு அறையில் நான்கு படுக்கை. எங்களிடம் அதற்குப் பணமில்லை. அவர் மூன்று வியாபாரிகளோடும் நான் மூன்று பெண்களோடும் அவரவர் அறையில் போனோம். அந்த ஓர் இரவில் நான் கற்ற சுவாஹிலி, அகராதி ஓர் ஆண்டில் தந்ததைவிட அதிகம். 2024 முதல் டார் எஸ் சலாமிலிருந்து மொரோகோரோ வழியாக டொடோமா வரை மின்சார ரயில் ஓடுகிறது. அது விரைவாகப் போய்ச் சேர உதவும், இப்படிக் கதை பேச நேரம் தராது.

ஒரு நாள் பயணத்துக்கு இரிங்காவிலிருந்து கலெங்காவுக்குப் போகலாம். ஜெர்மானியரை எதிர்த்துப் போரிட்டு 1898இல் இறந்த ஹெஹே மக்களின் தலைவர் ம்க்வாவாவின் மண்டையோடு அங்கே கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. ஜெர்மானியர் கொண்டுபோன அதைத் திருப்பித்தர வேண்டும் என்று, முதல் உலகப் போருக்குப் பிந்தைய 1919இன் வெர்சாய் உடன்படிக்கையில் ஒரு பிரிவே எழுதினார்கள். வந்து சேர்ந்தது 1954இல். என் பள்ளிப் பிள்ளைகள்தான் என்னை முதலில் அங்கே அழைத்துப் போனார்கள்.

தாழ்நிலத்துக்குப் போய்வந்தால் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். இரிங்கா 1,500 மீட்டருக்கு மேல் இருப்பதால் கொசு குறைவு, அதனால் கொசுவலையை மறந்துவிடுவோம். கொசு கடித்த அன்றே மலேரியா காட்டாது. ஒரு வாரமோ அதற்கு மேலுமோ கழித்து, பயணத்தையே மறந்த பிறகு வரும். என் கணவர் அதைச் சளிக்காய்ச்சல் என்று இரண்டு நாள் சாதித்தார். காய்ச்சல் வந்தால் அன்றே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். போகலாமா என்பதை நோயாளியிடம் கேட்காதீர்கள்.

எடுத்துவர வேண்டியவை அதிகமில்லை. ஜூன், ஜூலை இரவுகளுக்குக் கம்பளிச் சட்டை. டிசம்பர் முதல் ஏப்ரல் வரையிலான மழைக்கு நல்ல செருப்பு. சான்றிதழ்களின் நகல்கள், இருவருடையதும் வெவ்வேறு உறைகளில். டார்ச் விளக்கு இரண்டு. நாங்கள் ஒன்று போதும் என்று வந்தோம். மின்சாரம் போன முதல் இரவில் அவர் அதை எடுத்துக்கொண்டு மீட்டரைப் பார்க்கப் போய்விட்டார்.

அன்புடன்,
இரிங்கா அக்கா