பாட்டிலுக்குள் நிற்காத வாயு

கேள்வி: வானத்தில் வெகு உயரத்தில் இருக்கும் வாயுக்களை அளக்க, பலூனில் டெலஸ்கோப் கட்டி அனுப்புகிறார்களாமே! அந்தக் காற்றைப் பாட்டிலில் பிடித்து வந்தால் போதாதா? முப்பது வருடமாகக் கோலி சோடா போடுகிறவன், அதனால் கேட்கிறேன்.
- ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: அண்ணாச்சி, பாட்டிலிலும் பிடித்திருக்கிறார்கள். 1987-இல் ஹைதராபாத்திலிருந்து ஏறிய ஒரு பலூனில் பாட்டில்கள்தான் போயின. அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தாரும் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தாரும் சேர்ந்து செய்த வேலை அது. பாட்டிலைத் திரவ நியானில் குளிர வைத்தால், உள்ளே நுழையும் காற்று உறைந்து சுவரில் படியும். பின்னாலேயே அடுத்த காற்று வந்து நிறையும். உங்களைப் போல அழுத்தி ஏற்ற வேண்டியதில்லை. ஃபிரிட்ஜுகளிலிருந்து கசிந்து மேலே போன குளோரோஃபுளோரோகார்பனைக் கீழே கொண்டுவந்து நிதானமாக அளந்தார்கள்.

ஆனால் எல்லா வாயுவும் இப்படிச் சமர்த்தாக உட்காராது. ஓசோனை அழிக்கும் குளோரின் மோனாக்சைடு, அப்புறம் ஹைட்ராக்சில் இரண்டும் துடுக்கானவை. பாட்டில் சுவரில் பட்டாலே வேறொன்றாக மாறிவிடும். இருக்கிற இடத்திலேயே வைத்துப் பார்த்தால்தான் உண்டு.

பல வாயுக்கள் அகச்சிவப்பு ஒளியில் தமக்கென்று சில அலைநீளங்களை விழுங்கும். அதே அலைநீளங்களில் தாமும் மங்கலாக ஒளிரும். அந்த அலைநீளங்களைப் பிரித்துப் பார்ப்பது லேசான வேலையல்ல. நான் வேலை பார்த்த கல்லூரியில், சோடியம் விளக்கின் மஞ்சள் கோடு ஒன்றல்ல, இரண்டு என்று பையன்களுக்குக் காட்டவே ஒரு மதியம் போய்விடும். டென்வர் பல்கலைக்கழகத்தின் டேவிட் மர்க்ரே குழுவினர், பலூனில் ஏற்றிய கருவியால் சூரிய ஒளியைப் பிரித்துப் பார்த்து, மேல் வளிமண்டலத்தில் நைட்ரிக் அமிலம் இருப்பதாக 1968-இல் அறிவித்தார்கள். ஆமாம், நகைப் பட்டறையில் தங்கத்தைச் சோதிக்கிற அதே அமிலம்!

இதைத் தரையிலிருந்தே பார்க்கலாமே என்பீர்கள். கீழ்க்காற்றின் நீராவி நடுவில் திரை போட்டுவிடும். எந்த உயரத்தில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதும் கஷ்டம். பலூன் 38 கிலோமீட்டர் ஏறிவிட்டால் காற்றில் நூற்றுக்கு 99 பங்கு காலடியில். சூரியன் இறங்க இறங்க, அதன் கதிர் ஒவ்வொரு அடுக்காகக் கீழே கீழே படுக்கைவாட்டில் கடந்து வரும். மேல் அடுக்கின் கணக்கைக் கழித்தால் அடுத்த அடுக்கு தெரியும். விஞ்ஞானிகளே இதை வெங்காயம் உரிப்பது என்றுதான் சொல்கிறார்கள். கதிர் பல நூறு கிலோமீட்டர் காற்றைத் துளைத்து வருவதால், நூறு கோடியில் ஒரு பங்கு இருக்கிற வாயுகூடத் தப்பாது. நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தின் ‘மார்க் 4’ கருவி 1989 முதல் இப்படிப் பறந்து, முப்பதுக்கும் மேற்பட்ட வாயுக்களை அளந்திருக்கிறது.

அந்தத் துடுக்கு ஹைட்ராக்சிலா? அதை அளக்கச் சூரியனே வேண்டாம். அமெரிக்காவின் ஹார்வர்ட்-ஸ்மித்சோனியன் வானியற்பியல் மையத்தின் பலூன் டெலஸ்கோப், அது தானாக விடும் மங்கல் ஒளியைப் பிடித்தே அளந்துவிட்டது.

வேலை முடிந்ததும் ரேடியோ கட்டளையில் பலூனிலிருந்து கருவியை அறுத்துவிடுவார்கள். பாராசூட்டில் அது எந்தக் காட்டில் இறங்குகிறதோ, அங்கே வண்டி எடுத்துக்கொண்டு தேடிப் போக வேண்டியதுதான்.