பட்ஜெட்ல லேப்டாப்பை தூக்குங்க தம்பி
மண் ஈரப்பதம் அளக்குற ப்ராஜெக்டுக்கு 40,000 ரூபாய் லேப்டாப்பும் சேர்த்து பட்ஜெட் போட்டேன், கைடு திருப்பிட்டாருன்னு சொல்றீங்க, அவர் செஞ்சது சரிதான் தம்பி. தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தோட மாணவர் ப்ராஜெக்டுக்கு பணம் தர்ற திட்டத்துல எங்க டீமுக்கு கிடைச்சதே 7,500 ரூபாதான். அதுல லேப்டாப் எங்க வாங்குறது, சென்சார், போர்டு, பேட்டரி, ஒயர், வயலுக்குப் போய்வர பஸ் செலவு, இவ்வளவுதான் எழுதணும். ஒவ்வொண்ணுக்கும் எதுக்குன்னு ஒரு வரி போடுங்க, "இதர செலவு 2,000"ன்னு மட்டும் போட்றாதீங்க, நான் போட்டு வாங்கிக் கட்டிக்கிட்டேன். கைடு, பிரின்சிபால் கையெழுத்து முன்னாடியே வாங்கிடுங்க, கடைசி நாள்ல ரெண்டு பேரும் லீவுல இருப்பாங்க. பில்லெல்லாம் ஜெராக்ஸ் எடுத்து வைங்க, கடை மெஷின்ல அடிச்சுத் தர்ற தெர்மல் பேப்பர் பில்லு நாளாக நாளாக எழுத்து மங்கிடும், அப்புறம் கணக்கு முடிக்க ஆடிட்டர்கிட்ட எதைக் காட்டுவீங்க?